செடான் குறைவதும் கிராஸ்ஓவர் பெருகுவதும்: கார் வாங்குவோரின் கேள்விகளும் பதில்களும்

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு வரை, சொந்தக் கார் வாங்கும் ஒரு குடும்பம் சிறிய ஹேட்ச்பேக்கில் தொடங்கி, வசதி கூடியதும் டிக்கி உள்ள செடானுக்கு மாறுவதே இந்தியாவில் வழக்கமாக இருந்தது. இன்று அந்த இரண்டாவது இடத்தைக் கிராஸ்ஓவர் பிடித்துக்கொண்டது; முதல் கார் வாங்குவோரில் கூடப் பலர் நேராக அதற்கே போகிறார்கள். இந்த மாற்றம் ஏன் வந்தது, அதனால் வாங்குபவருக்குக் கிடைத்தது என்ன, கைவிட்டுப் போனது என்ன என்று பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது.

செடான், கிராஸ்ஓவர், எஸ்யூவி ஆகிய மூன்றுக்கும் என்ன வேறுபாடு?

முன்னால் எஞ்சின், நடுவில் பயணிகள், பின்னால் தனியாக மூடப்பட்ட டிக்கி என மூன்று பகுதிகளாகப் பிரிந்து நிற்பது செடான். ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, மாருதி டிசையர் ஆகியவை இந்த வகை. தனியான இரும்பு அடிச்சட்டத்தின் மேல் உடலைப் பொருத்திய உயரமான வண்டிதான் பழைய பொருளில் எஸ்யூவி. மஹிந்திரா ஸ்கார்ப்பியோவும் டொயோட்டா ஃபார்ச்சூனரும் இன்றும் அப்படித்தான் கட்டப்படுகின்றன. கிராஸ்ஓவரின் தோற்றம் இரண்டாவது வகையைச் சார்ந்தது, உடற்கட்டு முதல் வகையைச் சார்ந்தது. ஹேட்ச்பேக்கும் செடானும் தயாராகும் அதே முறையில் உடலும் சட்டமும் ஒரே கூடாக இணைக்கப்பட்டு, தரையிலிருந்து சில சென்டிமீட்டர் கூடுதலாக உயர்த்தி, டிக்கியைப் பயணிகள் பகுதியோடு சேர்த்துவிட்ட கார் அது. கிரெட்டா, பிரெஸ்ஸா, நெக்ஸான், பஞ்ச் ஆகிய எல்லாமே இந்த வகைதான். விளம்பரத்தில் இவை அனைத்தும் எஸ்யூவி என்றே அழைக்கப்பட்டாலும், இவற்றில் மிகப் பெரும்பான்மையானவை முன்சக்கரங்களால் மட்டுமே இயங்குபவை. காட்டுப் பாதைக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

செடான் விற்பனை உண்மையிலேயே குறைந்துவிட்டதா, அல்லது அது வெறும் பேச்சா?

உண்மையிலேயே குறைந்திருக்கிறது. வாகன உற்பத்தியாளர்கள் சங்கமான சியாம் வெளியிடும் கணக்கில் ஹேட்ச்பேக்கும் செடானும் சேர்ந்து ‘பயணிகள் கார்’ என்றும், எஸ்யூவி, கிராஸ்ஓவர், எர்டிகா, இன்னோவா போன்றவை சேர்ந்து ‘யுடிலிட்டி வாகனம்’ என்றும் பிரிக்கப்படுகின்றன. 2021-22 நிதியாண்டில் இரண்டும் ஏறத்தாழச் சமமாக, தலா 15 லட்சத்தை ஒட்டி விற்றன. 2024-25-ல் மொத்தம் விற்ற சுமார் 43 லட்சம் வண்டிகளில் யுடிலிட்டி வாகனங்கள் 28 லட்சம்; கார்கள் 13.5 லட்சம் மட்டுமே. மூன்றே ஆண்டுகளில் தராசு இவ்வளவு சாய்ந்தது இந்தியக் கார் சந்தையில் பெரிய நிகழ்வு. 2024 காலண்டர் ஆண்டில் நாட்டிலேயே அதிகம் விற்ற கார் டாடா பஞ்ச் என்பதும், நாற்பது ஆண்டுகளாக அந்த இடம் மாருதியிடமே இருந்து வந்தது என்பதும் கவனிக்கத்தக்கவை.

இந்தச் சரிவில் ஹேட்ச்பேக்கின் பங்கும் பெரிது என்பதால் முழுப் பழியையும் செடான் மேல் போட முடியாது. ஆனால் செடான்களின் பட்டியலைப் பார்த்தால் நிலைமை தெளிவாகிறது. டொயோட்டா கரோலா ஆல்டிஸும் ஹோண்டா சிவிக்கும் 2020-ல் நின்றன. டொயோட்டா யாரிஸ் 2018-ல் வந்து 2021-ல் போய்விட்டது. ஹூண்டாய் எலான்ட்ரா 2022-லும், ஸ்கோடா ஆக்டேவியா 2023-லும் வழக்கமான விற்பனையிலிருந்து விலகின. ஹோண்டா சிட்டியோடு முதலிடத்துக்குப் போட்டியிட்ட மாருதி சியாஸ் 2025 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சத்துக்குள் செடான் வேண்டும் என்று ஷோரூமுக்குப் போகிறவருக்கு இப்போது சிட்டி, வெர்னா, ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா ஆகிய நான்குதான் கண்ணில் படும்.

இந்த மாற்றம் எங்கே, எப்படித் தொடங்கியது?

இந்தியாவைப் பொறுத்தவரை இதன் முக்கியமான தொடக்கம் சென்னையைச் சுற்றிய தொழிற்சாலைகளில்தான் நிகழ்ந்தது. 2012 ஜூலையில் ஒரகடத்தில் தயாரான ரெனோ டஸ்டர் சந்தைக்கு வந்தது. 2013 ஜூனில் மறைமலைநகரிலிருந்து ஃபோர்டு எக்கோஸ்போர்ட் வந்தது. 2015 ஜூலையில் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கிரெட்டா வந்தது. இதே வட்டாரத்தில்தான் அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஃபோர்டு ஐகான், ஹூண்டாய் ஆக்சென்ட், மிட்சுபிஷி லான்சர் ஆகிய செடான்கள் தயாராகி, நடுத்தர வர்க்கத்தின் கனவுக் கார்களாக நாடு முழுதும் போயின.

டஸ்டரின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாற்றத்தின் சூட்சுமம் முழுதும் அதில் இருக்கிறது. மஹிந்திராவும் ரெனோவும் கூட்டாக 2007-ல் லோகன் என்ற செடானை இந்தியாவில் விற்றன. உள்ளே தாராளமான இடம், பெரிய டிக்கி, நன்றாக உழைக்கும் 1.5 லிட்டர் டீசல் எஞ்சின், குண்டும் குழியுமான சாலையை அலட்டிக்கொள்ளாமல் தாண்டும் சஸ்பென்ஷன் என எல்லாம் இருந்தும் அது சொந்தக் கார் வாங்குவோரைக் கவரவில்லை. கூட்டு முறிந்தபின் மஹிந்திரா அதற்கு வெரிட்டோ என்று பெயர் மாற்றி விற்றது. அப்போதும் அது பெரும்பாலும் டாக்சியாகவே ஓடியது. அதே லோகனின் பிளாட்ஃபார்மையும் அதே 1.5 லிட்டர் டீசல் எஞ்சின் குடும்பத்தையும் எடுத்து, உடலை உயர்த்தி, சக்கர வளைவுகளைப் புடைக்க வைத்து, 205 மில்லிமீட்டர் தரை இடைவெளியோடு கொண்டுவந்ததுதான் டஸ்டர். செடானாக இருந்தபோது ஷோரூமில் தேங்கி நின்ற அதே எலும்புக்கூடு, கிராஸ்ஓவராக வந்ததும் காத்திருந்து வாங்கும் வண்டி ஆனது. விலையும் கூடுதலாகவே இருந்தது.

இந்தப் பாடத்தை எல்லா நிறுவனங்களும் கற்றுக்கொண்டன. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பிளாட்ஃபார்மையும் புதிதாக உருவாக்காமலே, ஏற்கெனவே கையில் இருப்பதை வைத்துக் கூடுதல் விலைக்கு விற்கக்கூடிய வண்டி ஒன்றைச் செய்ய முடிகிறபோது, எந்த நிறுவனமும் தன் முதலீட்டைச் செடானில் போட விரும்பாது. புதிய மாடல்கள் வராததால் வாங்குவோரின் ஆர்வம் குறைகிறது. ஆர்வம் குறைவதால் புதிய மாடல்கள் வருவதில்லை. இந்தச் சுழற்சியில் நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு என்பதை, ‘மக்கள்தான் கேட்கிறார்கள்’ என்ற அவர்களின் பதிலை ஏற்கும்போது மறந்துவிடக் கூடாது.

நான்கு மீட்டர் விதி என்று சொல்கிறார்களே, அது என்ன? செடானை அது எப்படிப் பாதித்தது?

2006-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். சிறிய கார் என்பதற்கு அப்போது தரப்பட்ட வரையறை: நீளம் நான்கு மீட்டருக்குள் இருக்க வேண்டும்; பெட்ரோல் எஞ்சின் என்றால் 1,200 சிசிக்குள்ளும், டீசல் என்றால் 1,500 சிசிக்குள்ளும் இருக்க வேண்டும். சிறிய கார் தயாரிப்பில் இந்தியாவை உலக மையமாக்குவதற்காக வந்த இந்த விதி, அடுத்த இருபது ஆண்டுகளில் இந்தியக் கார்களின் உருவத்தையே தீர்மானித்தது.

முதலில் செடான்கள்தான் இதற்கேற்ப வெட்டப்பட்டன. டாடா இண்டிகோ 2008-ல் குறுகிய உருவில் வந்தது. மாருதி டிசையரின் முதல் தலைமுறை 4,160 மில்லிமீட்டர் நீளம் கொண்டது. 2012-ல் வந்த இரண்டாம் தலைமுறை 3,995 மில்லிமீட்டராகச் சுருங்கியது. குறைந்தது வெறும் 16.5 சென்டிமீட்டர்தான் என்றாலும், டிக்கியின் கொள்ளளவு 440 லிட்டரிலிருந்து 316 லிட்டராக விழுந்தது. இரண்டையும் அருகருகே நிறுத்திப் பார்த்தவர்களுக்கு, பின் கண்ணாடி முடிந்த இடத்திலேயே கத்தியால் நறுக்கியதுபோல் முடியும் அந்தப் புதிய டிக்கி நினைவில் இருக்கும்.

இங்கேதான் கிராஸ்ஓவருக்கு இயல்பான சாதகம் இருக்கிறது. எஞ்சின், பயணிகள், டிக்கி என மூன்றையும் நான்கு மீட்டருக்குள் அடுக்கினால் ஏதாவது ஒன்று நசுங்கித்தான் ஆக வேண்டும். கிராஸ்ஓவருக்குத் தனி டிக்கி கிடையாது. பின்கதவு ஏறக்குறைய நேராக நிற்பதால் கூரை கடைசிவரை நீள்கிறது, நீளத்தில் விட்டதை உயரத்தில் பிடித்துக்கொள்ள முடிகிறது. எக்கோஸ்போர்ட்டின் நீளம் 3,999 மில்லிமீட்டர் என்பது தற்செயலானது அல்ல. பிரெஸ்ஸாவும் நெக்ஸானும் 3,995 மில்லிமீட்டரில் நிற்பதும் அதே கணக்குதான். வரிச் சலுகையை வைத்துக்கொண்டு பெரிய வண்டியின் தோற்றத்தைத் தர முடிந்தது கிராஸ்ஓவரால் மட்டுமே. செடானின் தோற்றமோ நீளத்தை நம்பியிருந்தது.

அரசு இடையில் ஒருமுறை எஸ்யூவிகளுக்குக் கடிவாளம் போட முயன்றது. 2013 பட்ஜெட்டில், நான்கு மீட்டருக்கு மேல் நீளமும், 1,500 சிசிக்கு மேல் எஞ்சினும், 170 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தரை இடைவெளியும் உள்ள வண்டிகளுக்குக் கலால் வரி 27-லிருந்து 30 சதவீதமாக உயர்த்தப்பட்டது. மஹிந்திரா தன் எக்ஸ்யூவி500-ன் தரை இடைவெளியை 160 மில்லிமீட்டராகக் குறைத்து அந்த வரியிலிருந்து விலகிக்கொண்டது. நான்கு மீட்டருக்குள் இருந்த கிராஸ்ஓவர்களை அந்த வரி தொடவே இல்லை.

2025 ஜிஎஸ்டி மாற்றத்துக்குப் பிறகு நிலைமை மாறிவிட்டதா?

2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குட்பட்ட சிறிய கார்களுக்கு 18 சதவீதமும், மற்ற பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40 சதவீதமும் ஜிஎஸ்டி விதிக்கப்படுகிறது. செஸ் என்ற தனியான கூடுதல் வரி நீக்கப்பட்டது. அதற்கு முன் செஸ்ஸோடு சேர்த்துச் சிறிய பெட்ரோல் காருக்கு 29 சதவீதம், சிட்டி, வெர்னா போன்ற நடுத்தரச் செடானுக்கு 45 சதவீதம், பெரிய எஸ்யூவிக்கு 50 சதவீதம் என்று இருந்தது. எல்லாருக்கும் விலை குறைந்தது உண்மை. ஆனால் யாருக்கு எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால், பெரிய எஸ்யூவிக்குப் பத்து புள்ளி, சிறிய காருக்குப் பதினொரு புள்ளி, நடுத்தரச் செடானுக்கு ஐந்தே புள்ளி. சிறிய காருக்கும் நடுத்தரச் செடானுக்கும் இடையே முன்பு இருந்த 16 புள்ளி இடைவெளி இப்போது 22 ஆகிவிட்டது. நான்கு மீட்டர் என்ற சுவர் இடிக்கப்படவில்லை, உயர்த்தப்பட்டிருக்கிறது. 1,500 சிசி கிரெட்டாவும் இதே 45-லிருந்து 40-க்கு வந்ததுதான் என்றாலும், அந்த விலையில் செடானைவிட அதற்கு ஆதரவு கூடுதலாக இருப்பதால் அது தாங்கிக்கொள்கிறது.

தமிழ்நாட்டில் பதிவு செய்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2023 நவம்பரில் திருத்தப்பட்ட ஆயுட்கால வரியின்படி 5 முதல் 10 லட்சம் ரூபாய் வரையுள்ள காருக்கு 13 சதவீதமும், 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதமும் விதிக்கப்படுகிறது. பத்து லட்சத்தின் இந்தப் பக்கம் நிற்கும் சிறிய கிராஸ்ஓவருக்கும் அந்தப் பக்கம் நிற்கும் நடுத்தரச் செடானுக்கும் இடையே ஆன்ரோடு விலையில் வித்தியாசம் இப்படித்தான் ஏறிக்கொண்டே போகிறது.

வரியும் விளம்பரமும் இருக்கட்டும். உயரமான காரை மக்கள் விரும்புவதற்கு நியாயமான காரணம் உண்டா?

நிச்சயமாக உண்டு, அதை மதிக்க வேண்டும். இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த நெறிமுறைப்படி வேகத்தடை என்பது 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட சீரான மேடாக இருக்க வேண்டும். நம் தெருக்களில் இருப்பவை பெரும்பாலும் இந்த அளவுக்குப் பக்கத்திலேயே வராதவை. ஒரு முழ அகலத்தில் சுவர்போல எழுப்பப்பட்டவை. டிசையரின் தரை இடைவெளி 163 மில்லிமீட்டர், சிட்டியின் இடைவெளி 165. ஐந்து பேர் ஏறி, டிக்கியும் நிறைந்தால் சஸ்பென்ஷன் அமுங்கி அதில் ஒரு பங்கு குறைந்துவிடும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் அதிகம் என்பதால், முன் சக்கரம் இறங்கியபின் வண்டியின் நடு வயிறு மேட்டில் உரசுகிறது. பின்சீட்டில் இருப்பவர்களை இறங்கச் சொல்லி, வண்டியைச் சாய்வாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கிய அனுபவம் இல்லாத செடான்காரர் நம் ஊரில் அரிது. சென்னையில் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே மீண்டும் மீண்டும் சாலை போட்டதால் பல தெருக்களில் வீட்டு வாசல் சாலையைவிடத் தாழ்ந்துவிட்டது. கேட்டிலிருந்து சரிவில் ஏறும்போது செடானின் முன் பம்பர் தட்டுவது அங்கே அன்றாடச் சங்கதி.

இரண்டாவது காரணம் உடம்பு. செடானில் அமர வேண்டுமென்றால் குனிந்து, இறங்கி, சரிந்து உட்கார வேண்டும். எழும்போது முழங்காலில் முழு எடையையும் ஏற்றி மேலே வர வேண்டும். கிராஸ்ஓவரின் சீட் ஏறத்தாழ இடுப்பு உயரத்தில் இருப்பதால் நாற்காலியில் அமர்வதுபோல் பக்கவாட்டில் நகர்ந்து உட்காரலாம். முட்டிவலி உள்ள அம்மாவுக்கும், இடுப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட அப்பாவுக்கும் இந்த வேறுபாடு மிகப் பெரியது. கார் பார்க்கப் போகும்போது வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துப் போய், முன்சீட்டிலும் பின்சீட்டிலும் நான்கைந்து முறை ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்தபின் முடிவெடுப்பது, எந்த மைலேஜ் அட்டவணையையும் படிப்பதைவிடப் பயனுள்ளது.

மழை வெள்ளத்தில் கிராஸ்ஓவர் தப்பித்துவிடுமா?

ஓரளவுக்குத்தான். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தப்பட்ட கார்களில் செடானும் இருந்தது, கிராஸ்ஓவரும் இருந்தது. தரை இடைவெளி கூடுதலாக இருந்தால் தேங்கிய நீரைச் சற்று துணிவாகக் கடக்கலாம். ஆனால் எஞ்சினைக் காப்பது, காற்று உள்ளிழுக்கப்படும் குழாயின் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே. அது மாடலுக்கு மாடல் மாறும். நீர் அதற்குள் போனால் எஞ்சின் பூட்டிக்கொண்டு உள்பாகங்கள் வளைந்துவிடும், அதற்கு எஸ்யூவி என்ற பெயர் எந்தப் பாதுகாப்பும் தராது. நீரில் நின்ற எந்தக் காரையும் ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துச் செல்வதும், இன்சூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்துக்கொள்வதும் எல்லா வகைக் காருக்கும் பொருந்தும்.

கிராஸ்ஓவரால் எதை இழக்கிறோம்?

இதற்கு ஒரே நிறுவனத்தின் ஒரே எஞ்சின் கொண்ட இரண்டு கார்களை ஒப்பிடுவதே நேர்மையான வழி. ஹோண்டா சிட்டி செடானிலும் ஹோண்டா எலிவேட் கிராஸ்ஓவரிலும் இருப்பது அதே 1,498 சிசி பெட்ரோல் எஞ்சின். சக்தி இரண்டிலும் 121 குதிரைத்திறன்தான். மேனுவல் கியரில் சிட்டியின் சான்றளிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 17.8 கிலோமீட்டர், எலிவேட்டுக்கு 15.31. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இந்தக் கணக்கில் சுமார் 137 லிட்டர் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 13,700 ரூபாய். டிக்கி சிட்டியில் 506 லிட்டர், எலிவேட்டில் 458. மறுபக்கம், எலிவேட்டின் தரை இடைவெளி 220 மில்லிமீட்டர். முன்பு சொன்ன வேகத்தடை எதுவும் அதற்கு ஒரு பொருட்டல்ல. இரண்டு கார்களும் எதைக் கொடுத்து எதைப் பெற்றிருக்கின்றன என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது.

காரணம் எளிய இயற்பியல். உயரமான வண்டி காற்றை அதிகம் கிழிக்க வேண்டியிருக்கிறது; காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுவதால் நகரத்துக்குள் தெரியாத வேறுபாடு, திருச்சி நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் நன்றாகத் தெரியும். எடை மேலே இருப்பதால் வளைவுகளில் வண்டி சாயும். அந்தச் சாய்வைக் குறைக்க ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் பின்சீட்டில் குலுக்கல் கூடும். ஏற்காடு, கொல்லிமலை வளைவுகளில் குழந்தைகள் வாந்தியெடுப்பதற்கு இந்தச் சாய்வும் ஒரு காரணம். தாழ்ந்த செடான் அதே வளைவில் தரையோடு ஒட்டிப் போகும்.

தனி டிக்கியின் அருமையையும் சொல்லியாக வேண்டும். பண்ருட்டிப் பலாப்பழமோ கருவாட்டுக் கூடையோ டிக்கியில் இருந்தாலும் செடானுக்குள் வாசனை வராது. திடீரென்று பிரேக் அடித்தால் பின்னாலிருந்து பெட்டி தலைமேல் பாயாது. கிராஸ்ஓவரில் மேல்தட்டை எடுத்துவிட்டுக் கூரைவரை சாமான் அடுக்குபவர்கள் இந்த அபாயத்தை நினைப்பதே இல்லை.

எஸ்யூவி வடிவம் கூடுதல் பாதுகாப்பு தரும் என்பது உண்மையா?

வடிவத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. டாடா நெக்ஸான் 2018-ல் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. விர்ட்டஸ், ஸ்லாவியா, வெர்னா ஆகிய செடான்களும் 2023-ல் அதே ஐந்தைப் பெற்றன. நான்கு மீட்டருக்குட்பட்ட டிசையரின் 2024 மாடலும் ஐந்து பெற்றது. மாருதி கார் ஒன்று அந்தச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது அதுவே முதல்முறை. உடற்கட்டின் உறுதி, ஏர்பேக், சீட் பெல்ட், வண்டி சறுக்காமல் காக்கும் இஎஸ்சி ஆகியவையே உயிரைக் காக்கின்றன. உயரமான வண்டி கவிழும் வாய்ப்பு இயல்பாகவே கூடுதல் என்பதால், கிராஸ்ஓவர் வாங்குபவர் இஎஸ்சி இல்லாத மாடலைத் தொடவே கூடாது.

சாலையில் நடப்பவரையும் நினைக்க வேண்டும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனமான ஐஐஎச்எஸ் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், பானெட்டின் முன்விளிம்பு ஒரு மீட்டருக்குச் சற்று மேல் இருக்கும் வண்டிகள் மோதினால், தாழ்ந்து சரிந்த முகப்புள்ள கார்களைவிடப் பாதசாரி இறக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று தெரியவந்தது. நம் சிறிய கிராஸ்ஓவர்கள் அமெரிக்க பிக்அப் லாரிகள் அளவு உயரமானவை அல்ல. இருந்தும், நடைபாதையே இல்லாத தெருவில் குழந்தைகள் விளையாடும் நாட்டில், முகப்பை மேலும் மேலும் உயர்த்தி மிரட்டும் தோற்றம் தருவதை நிறுவனங்கள் நிறுத்திக்கொள்வது நல்லது.

செடான் என்றாலே டாக்சி என்று நினைக்கிறார்களே?

டிசையர், எட்டியோஸ், எக்ஸென்ட் ஆகியவை கால் டாக்சி நிறுவனங்களில் ஆயிரக்கணக்கில் ஓடியதால் வந்த எண்ணம் அது. வெள்ளை டிசையர் வாங்கினால் அக்கம்பக்கத்தினர் டி போர்டா, ஓன் போர்டா என்று கேட்பார்களோ என்று தயங்கி, அதே பணத்துக்கு இடம் குறைந்த கிராஸ்ஓவர் வாங்கியவர்கள் உண்டு. நாளுக்கு முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பிழைக்கும் ஓட்டுநர்கள் ஒரு காரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றால், அது குறைந்த செலவில் நெடுங்காலம் உழைக்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. 2018-ல் நாட்டிலேயே அதிகம் விற்ற கார் டிசையர்தான். இன்றும் விற்பனையில் முன்வரிசையில் நிற்கிறது.

இது இந்தியாவில் மட்டும் நடப்பதா?

இல்லை, அமெரிக்காவில் இது முன்பே நடந்துவிட்டது. 2018 ஏப்ரலில் ஃபோர்டு, மஸ்டாங்கைத் தவிர ஏறத்தாழ எல்லாக் கார்களையும் வட அமெரிக்காவில் நிறுத்தப்போவதாக அறிவித்தது. செவ்ரோலே குரூஸ் செடானைத் தயாரித்த ஓஹையோவின் லார்ட்ஸ்டவுன் தொழிற்சாலையை ஜெனரல் மோட்டார்ஸ் 2019 மார்ச்சில் மூடியது. அந்த ஊரின் பிழைப்பே அதை நம்பியிருந்தது. 2024 நவம்பரில் செவ்ரோலே மாலிபுவும் நின்றது. அங்கும் ஒரு விதிமுறை பின்னால் இருந்தது: எரிபொருள் சிக்கனச் சட்டத்தில் பல கிராஸ்ஓவர்கள் ‘இலகுரக லாரி’ என்ற வகையில் சேர்க்கப்பட்டுக் கார்களைவிடத் தளர்வான இலக்கைப் பெற்றன. இந்த அமெரிக்க நிறுவனங்கள் விட்டுச்சென்ற செடான் வாங்குவோரை டொயோட்டா கேம்ரியும் ஹோண்டா அக்கார்டும் எடுத்துக்கொண்டன. கேம்ரி இப்போது அங்கே ஹைபிரிட்டாக மட்டுமே விற்கிறது.

மின்சாரக் கார் வந்தால் செடான் மீளுமா?

ஒரு பக்கம் வாய்ப்பு உண்டு. பேட்டரி காருக்குக் காற்றெதிர்ப்பு குறைந்தால் ஒரே சார்ஜில் போகும் தூரம் கூடும் என்பதால் தாழ்ந்த, வழுக்கலான வடிவத்துக்கு மதிப்பு ஏறுகிறது. சியோமி நிறுவனம் சீனாவில் தன் முதல் காராக 2024-ல் எஸ்யூ7 என்ற செடானையே கொண்டுவந்தது. மறுபக்கம், பேட்டரியைத் தரைக்கடியில் பரப்புவதால் தளம் உயர்கிறது; உயர்ந்த தளத்துக்குக் கிராஸ்ஓவர் உடல் எளிதாகப் பொருந்துகிறது. இந்தியாவில் இரண்டாவது காரணமே இதுவரை வென்றிருக்கிறது: டிகோர் மின்சாரச் செடானைவிட நெக்ஸான் மின்சாரக் கார்தான் சாலையில் அதிகம் தெரிகிறது.

இன்றைக்கு யார் செடான் வாங்கலாம்?

மாதத்தில் பெரும்பகுதி நான்குவழிச் சாலையில் ஓட்டுபவர், பின்சீட்டில் இருவர் நிம்மதியாகச் சாய்ந்து நெடுந்தூரம் போக வேண்டியவர், விமான நிலையத்துக்கு இரண்டு பெரிய பெட்டிகளோடு அடிக்கடி போய்வருபவர் ஆகியோருக்கு அதே விலைக் கிராஸ்ஓவரைவிட நடுத்தரச் செடான் நிறைவு தரும். வெர்னாவின் டிக்கி 528 லிட்டர், கிரெட்டாவுடையது 433. சக்கர இடைவெளியும் வெர்னாவில் 2,670 மில்லிமீட்டர், கிரெட்டாவில் 2,610. அந்த ஆறு சென்டிமீட்டரைப் பின்சீட்டுக்காரரின் முழங்கால் உணரும். தாழ்வாக இருக்கிறதே என்று அஞ்சுபவர்கள் விர்ட்டஸையும் ஸ்லாவியாவையும் பார்க்கலாம். இரண்டிலும் தரை இடைவெளி 179 மில்லிமீட்டர். ஆனால் வீட்டுக்குப் போகும் தெரு மோசமானதாகவோ, வீட்டில் மூட்டுவலி உள்ள பெரியவர்களோ இருந்தால், செடான் மேல் எவ்வளவு ஆசை இருந்தாலும் கிராஸ்ஓவரே சரி.

உற்பத்தி நின்ற செடானைப் பழைய காராக வாங்கினால் பாகங்கள் கிடைக்குமா?

நிறுவனம் இந்தியாவில் தொடர்ந்து இயங்கினால் எஞ்சின், பிரேக், சஸ்பென்ஷன் பாகங்களுக்குப் பெரிய சிக்கல் வராது, சியாஸின் 1.5 லிட்டர் எஞ்சின் குடும்பம் மாருதியின் மற்ற வண்டிகளிலும் இருக்கிறது. தட்டுப்பாடு வருவது அந்த மாடலுக்கே உரிய ஹெட்லைட், பம்பர், கதவுத் தகடு, கண்ணாடி ஆகியவற்றில்தான். எனவே வாங்கும் முன் சர்வீஸ் சென்டரில் இந்த நான்கின் விலையையும், ஆர்டர் செய்தால் எத்தனை நாளில் வரும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டியைக் குழியின் மேல் நிறுத்தியோ லிஃப்டில் ஏற்றியோ அடிப்பாகத்தைப் பாருங்கள்: எஞ்சின் ஆயில் தொட்டியிலும் சைலன்சர் குழாயிலும் ஆழமான உரசல் இருந்தால், முந்தைய உரிமையாளரின் தெரு எப்படிப்பட்டது என்பது தெரிந்துவிடும், விலையை அதற்கேற்பப் பேசலாம். தேவை குறைந்த வகை என்பதால் சிவிக், ஆக்டேவியா போன்ற நல்ல செடான்களுக்குப் பழைய கார் சந்தையில் பேரம் பேச இடம் இருக்கிறது. புதிதாக வாங்கும் சிறிய கிராஸ்ஓவரின் விலைக்குள்ளேயே அவற்றில் ஒன்றை வாங்கி, மீதிப் பணத்தில் டயரும் சஸ்பென்ஷனும் மாற்றிக்கொள்ளலாம்.